ஏழு நாள் ஹோல்ட்

அந்த மிஷினை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அத்தானை நான் திட்டும்போது, நீ மட்டும் என்ன யோக்கியமா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகப் பேக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். இரண்டு ஸ்வெட்டர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலைக்கு வலை, இதுதான் என் அலங்காரம். மீன் துண்டைப் பையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை மிஷின் வைத்து உறிஞ்சி எடுத்து, பையின் வாயைச் சூட்டில் ஒட்டி, உறைகுளிரில் அடுக்குவது எங்கள் பிழைப்பு. காற்றில்லாமல் உறைந்து கிடந்தால் பொருள் மாதக்கணக்கில் கெடாது. இதே வேலையைச் செய்கிற சின்ன மிஷின் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. இரண்டு சாண் நீளம் இருக்கும். பையின் வாயை உள்ளே வைத்து மூடியை அழுத்தினால் உர்ரென்று இழுக்கும், சிவப்பு விளக்கு எரிந்து அணையும், பை பொருளோடு ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் அக்காவுக்கு வாங்கினேன்.

எல்லாம் அவள் மகளுக்காக. இருபத்தெட்டு வயதாகியும் அவளுக்குப் 'பொடிசு' என்ற பட்டப்பெயர் போகவில்லை. ரயிலில் பதினெட்டு மணி நேரம் போனால் வருகிற ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவர் நடுக்கடலில் இருக்கும்போதுதான் இவளுக்குத் தலைப்பிரசவம், மாதக் கடைசியில், முப்பதாம் தேதி என்று டாக்டர் குறித்துக் கொடுத்திருந்தார். "அம்மா, பத்து நாளைக்கு முன்னாடியே வந்துடு. தனியா இருக்க பயமா இருக்கு" என்று போனில் சொன்னாள். கல்லூரிக்கு வேற்றூர் போனபோது பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போன பெண் அவள். பயம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டோம். அக்கா மறுநாளே பன்னிரண்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். போனால் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம்.

மூன்று மாதம் அத்தான் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? குடும்பத்தின் தலை போகிற கேள்வி இதுதான்.

அத்தானுக்கு அறுபத்திரண்டு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, முப்பத்திரண்டு பல்லும் அப்படியே இருக்கிறது, தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. பத்து கிராம் குறைந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற மனிதருக்கு, தன் வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று தெரியாது. கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். முப்பத்தொரு வருடமாக அக்கா அந்தப் பார்வைக்குத்தான் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

"கடையில வாங்கிச் சாப்பிட மாட்டாராமா?"

"வெளிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்காதுடி."

"ஒத்துக்காதுன்னு எப்படித் தெரியும்? சாப்பிட்டுப் பார்த்திருக்காரா?"

அக்கா பேச்சை மாற்றினாள். இவள் மூன்று மாதத்தை மூன்று வாரமாகக் குறைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாள் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் மிஷின். முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போய் அவள் சமையல் மேடையில் வைத்தேன்.

அன்று அக்காவுக்கு இருந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. சோற்றை ஒரு பையில் போட்டுக் காற்றை இழுத்துக் காட்டினேன். செங்கல் மாதிரி ஆனதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ரொட்டியைப் போட்டாள், கத்தரித்த கேரட்டைப் போட்டாள், கடைசியில் அத்தானின் கைக்குட்டையைப் போட்டாள். நான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். எதையும் நன்றாக ஆறவிட்டுத்தான் பையில் போட வேண்டும். பையின் வாயில் எண்ணெயோ ஈரமோ படக் கூடாது. சாறு உள்ளதை முதலில் டப்பாவில் ஊற்றி உறையவைத்து, கட்டியான பிறகுதான் பைக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் காற்றோடு சாற்றையும் இழுக்கும், வாய் ஒட்டாது. தட்டையாகப் பரப்பி உறைய வைத்தால் சீக்கிரம் சூடாகும். மேலே பெயரும் தேதியும் எழுத வேண்டும்.

அப்போதுதான் அத்தான் சமையலறை வாசலில் வந்து நின்றார். அந்த நிலைப்படியைத் தாண்டி அவர் உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று வந்தார். மிஷினைத் தூக்கிப் பார்த்தார், அடியில் எழுதியிருந்ததைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க கம்பெனில இதை எப்படி செக் பண்ணுவீங்க?"

இந்த மனிதர் என்னிடம் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்கு நான் 'மீன் கம்பெனி'. "மீன் கம்பெனி வந்திருக்கு, காப்பி போடு" என்பார், நான் கேட்கும்படியே. என் வீட்டிலும் என்னைக் கேள்வி கேட்க ஆளில்லை. கட்டியவர் எட்டு வருடத்துக்கு முன்பே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதனால் அத்தான் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒட்டிய கோட்டைப் பார்ப்போம். தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்போம். ஒரே நாளில் கட்டியதற்கெல்லாம் ஒரே லாட் நம்பர். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிள் எடுத்து லாபுக்கு அனுப்புவோம். முடிவு வர ஏழு நாள். அதுவரை அந்த லாட் ஹோல்டில் இருக்கும், இடத்தை விட்டு அசையாது, முதலாளியே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டோம். பேக்கிங் ஹாலுக்குள் போனுக்கு அனுமதி இல்லை. கவனம் சிதறினால் ஒட்டு தப்பும்.

"நல்ல சிஸ்டம்" என்றார் அத்தான். பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் குறித்துக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன். என் வாயில் மண்ணைப் போட.

ஒன்பது நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அக்காவின் சமையலறையைக் காணோம், எங்கள் பேக்கிங் ஹால்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீர். சுவரில் அத்தான் கையால் கோடு போட்ட அட்டவணை. ஹாலில் கிடந்த கை வைத்த நாற்காலி சமையல் மேடைக்கு எதிரே வந்திருந்தது, அதில் அக்கா ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். அத்தான் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய உறைபெட்டி வழி அடைத்து நின்றது.

கணக்கும் தயாராக இருந்தது. காலைக்கு ரொட்டி போதும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தார். மதியம் ஒன்று, மாலை ஒன்று. தொண்ணூறு நாளைக்கு நூற்றெண்பது. சாம்பிளுக்குத் தனி.

"லாட் ரெண்டுல நாலு பீஸ் ரிஜெக்ட்" என்றார் என்னிடம், சக ஊழியரிடம் சொல்வதுபோல.

"நாலும் பீன்ஸ்" என்றாள் அக்கா. "குச்சி குத்தி ஓட்டையாயிருச்சாம். சார் கண்டுபிடிச்சுட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். தொந்தரவை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து அத்தான் பக்கம் திரும்பினேன்.

"அத்தான், ஹோல்டெல்லாம் கப்பல்ல போற சரக்குக்கு. இது வீடு. உறைபெட்டில வெச்சா ஆச்சு."

"சிஸ்டம்னா எல்லா இடத்துக்கும் ஒண்ணுதானேம்மா. நீதானே சொன்ன?"

"அங்க லாப் இருக்கு. இங்க எது லாப்?"

அத்தான் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு பாக்கெட்டை ஏழாம் நாள் வெளியே எடுத்து, சூடாக்கிச் சாப்பிட்டு, மறுநாள் வரை பொறுத்திருந்து பார்ப்பாராம். ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த லாட் பாஸ். பாஸான லாட்டுக்கு எதிரே அட்டவணையில் முத்திரை மாதிரி ஒரு வட்டம் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். அக்கா அந்த வட்டத்தை என்னிடம் விரலால் தொட்டுக் காட்டினாள்.

பதினோராம் தேதி, ரயிலுக்கு முந்தின நாள், அக்கா போன் செய்தாள். மூன்றாவது லாட்டில் பதினொரு கோழி பாக்கெட் காற்றுப் புகுந்து லூஸ். அதை மறுபடி சமைத்துக் கட்ட வேண்டும். டிக்கெட்டைப் பதினெட்டாம் தேதிக்கு மாற்றப் போகிறாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். அத்தானை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்றுதான் போனேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பெற்ற பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கிடக்கிறாள், உங்களுக்குக் கோழியில் காற்றுப் புகுந்ததா கவலை என்று கேட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உறைபெட்டியைத் திறந்து பதினொரு பாக்கெட்டையும் மேடையில் வரிசையாக வைத்தார்.

"நீயே பார்த்துச் சொல்லு. பாஸ்னு நீ சொன்னா பாஸ்."

எடுத்துப் பார்த்தேன். பை பொருளை விட்டு விலகி நின்றது, உள்ளே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அவசரத்தில் அக்கா சூடு ஆறுவதற்குள் கட்டியிருக்கிறாள், ஆவி வாயை ஈரமாக்கிவிட்டது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிறது, கிளம்பு என்று சொல்லியிருந்தால் அக்கா மறுநாள் ரயிலில் இருந்திருப்பாள். ஆனால் பதினான்கு வருடம் இதையே பார்த்த கண், இதையே சொன்ன வாய்.

"லூஸ்தான்" என்றேன்.

அத்தான் தலையை ஆட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். அக்கா உடனே கோழியைக் கழுவப் போய்விட்டாள். திட்டுவதற்காக வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

திருப்பிச் சமைத்த லாட் பதினான்காம் தேதி கட்டி முடிந்தது. பதினான்கோடு ஏழைக் கூட்டினால் இருபத்தொன்று. டிக்கெட் மறுபடி மாறியது. இந்தத் தடவை எனக்குப் பொறுக்கவில்லை, போனிலேயே கத்தினேன்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவர் சாப்பிட்டுப் பார்க்கிற வரைக்கும் நீ எதுக்கு அங்க உட்கார்ந்திருக்கணும்?"

"முப்பதாம் தேதிதானேடி. நடுவுல ஒன்பது நாள் இருக்கு."

"பொடிசு என்ன சொன்னா?"

"பத்து நாளுன்னு சொன்னேனேம்மான்னா. ஒரு நாள்தானே குறையுதுன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னு வெச்சுட்டா."

எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம் வந்தது, அதில் பாதி என் மேலேயே. அந்த மிஷின் இல்லாதிருந்தால் அக்கா என்ன செய்திருப்பாள்? இரண்டு நாளைக்குச் சமைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ரயில் ஏறியிருப்பாள். அத்தான் மூன்றாம் நாள் ரொட்டி தின்றிருப்பார், நான்காம் நாள் முறைத்துக்கொண்டு கடைக்குப் போயிருப்பார், ஐந்தாம் நாள் பழகியிருப்பார். மூன்று மாதச் சாப்பாட்டைக் கட்டி வைக்க முடியாது என்கிறவரைக்கும் யாரும் அதைக் கேட்கவில்லை. முடியும் என்று காட்டியது நான். முடியும் என்றானதும் அது கடமையாகிவிட்டது.

பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை. சாம்பிள் சாம்பிளாக அத்தான் தின்று தீர்த்ததை ஈடுகட்ட அக்கா கடைசி ஒன்பது பாக்கெட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பதுக்கு மட்டும் ஹோல்ட் வேண்டாம் என்று அத்தான் விலக்கு அளித்திருந்தார். காலை பத்து மணிக்குப் பொடிசுக்குப் பனிக்குடம் உடைந்தது.

அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். பத்து மணியிலிருந்து பத்தே முக்காலுக்குள் ஒன்பது தடவை. அக்காவின் போன் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது, ஏனென்றால் பேக்கிங் நடக்கும் இடத்தில் போன் கூடாது. பிறகு என்னைக் கூப்பிட்டாள். என் போன் தொழிற்சாலை லாக்கரில் இருந்தது. மதியம் பூட்ஸைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்த்தபோது நான்கு மிஸ்டு காலும் ஒரு வரிச் செய்தியும் இருந்தன. 'சித்தி அம்மா எடுக்கல. நான் ஆஸ்பத்திரி போறேன்.'

நான் கூப்பிட்டபோது அவள் ஆப்பரேஷன் தியேட்டரில் இருந்தாள். அக்காவும் பதினொன்றே காலுக்குப் போனைப் பார்த்துவிட்டு அதிலிருந்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு மணிக்கு மேல் ஒரு நர்ஸ் எடுத்து, பெண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது என்றாள். மூன்று மணிக்குப் பொடிசே எனக்குப் பேசினாள். குரலே எழும்பவில்லை.

"சித்தி, நீ மட்டும் வா."

"அம்மாவும் கிளம்பிட்டாடி. ரெண்டு பேரும்தான்..."

"அம்மாவுக்கு இருபத்தொண்ணாம் தேதிதானே டிக்கெட்? அவசரப்பட வேண்டாம்னு சொல்லு. வர வேண்டாம்னு சொல்லு. வந்தா நான் முகத்தத் திருப்பிக்குவேன், அப்புறம் அதுக்கும் அழுவா."

அக்கா பையோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். சண்டை போடுவாள், என்னைத் தள்ளிக்கொண்டு ஏறுவாள் என்று நினைத்தேன். பையைத் திறந்து குழந்தைத் துணிகளை எடுத்து என் பையில் வைத்தாள், ரயில் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். பொடிசு உதடெல்லாம் வெடித்துக் கிடந்தாள். குழந்தையைப் பார்த்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. தலைமாட்டிலிருந்த கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் உறவினர் போடுகிற கையெழுத்து. குழந்தையின் துடிப்பு குறைகிறது, யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவளைக் கொண்டுவந்து இறக்கிய டாக்ஸிக்காரர் பாவம், வண்டியை எடுக்காமல் நின்றிருக்கிறார். அவரே போட்டுவிட்டார். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் கோணல் கையெழுத்தில் 'டிரைவர்' என்று இருந்தது.

"பயப்படாதம்மான்னு நாலு தடவ சொன்னாரு" என்றாள் பொடிசு. "கட்டணம்கூட வாங்கல. பேரும் தெரியாது."

நான் அழுதேன். பிறகு என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மிஷினை வாங்கியது, ஹோல்டைப் பற்றிச் சொன்னது, போன் கூடாது என்றது, லூஸ்தான் என்றது, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நீ சொல்லிக் குடுத்த. அப்பா பிடிச்சுக்கிட்டாரு. டிக்கெட்ட மாத்தினது யாரு சித்தி? ரெண்டு தடவ?"

"உங்கப்பாதான்டி..."

"அப்பா மேல எனக்குக் கோபமே இல்ல. அப்பா எப்பவுமே அப்பாதான். அவர நம்பி நான் எதையும் கேட்டதில்ல. அம்மாகிட்டதான் கேட்டேன். பயமா இருக்குன்னு சொன்னேன்."

"அவ எவ்வளவு தவிச்சா தெரியுமா? ராப்பகலா நின்னு சமைச்சா. கால் வீங்கிப் போச்சு. உன்கிட்ட ஓடி வரத்தான் அத்தனையும். அந்த மிஷின் போடற சத்தத்துல போன் அடிச்சது காதுல விழுந்திருக்காது. விழுந்திருந்தா எடுக்காம இருப்பாளா? பெத்தவடி."

பொடிசு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்காவுக்காக நான் விடவில்லை. இருந்த மூன்று வாரமும், குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்திருக்காது, விழுந்திருக்காது. கடைசி நாளில் அவள் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. மாப்பிள்ளை கப்பலிலிருந்து வந்து இறங்கியிருந்தார். நான் கிளம்பும்போது பொடிசு குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சத்தத்துலதான் கேக்கலன்னு அம்மா சொன்னாளா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன். அக்கா அப்படிச் சொல்லியிருக்கவில்லை, நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த அன்றே நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கை வைத்த நாற்காலி பழைய இடத்துக்கே போயிருந்தது, மெத்தையைக் காணோம். "மீன் கம்பெனி வந்திருக்கு" என்றார் உள்ளே பார்த்து. பிறகு என்னிடம், "போக வேண்டாம்னு நான் ஒரு நாளும் சொல்லலம்மா. நீயே இருந்து பார்த்தியே" என்றார். அதுவும் உண்மைதான். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு தப்பும் செய்ததில்லை.

சமையலறையில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். உறைபெட்டி அப்படியே நிறைந்திருந்தது. நூற்றெண்பதில் முப்பதோ நாற்பதோதான் குறைந்திருக்கும். வீணாக்கக் கூடாது என்று அத்தான் சொல்லிவிட்டாராம். மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று அதைத்தான் சூடாக்கி இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்களாம். அவள் ஊரில் இல்லாத நாட்களுக்கென்று கட்டி வைத்ததை, அவளே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறாள். எனக்கு மறுபடி ரத்தம் கொதித்தது. ஆனால் நல்ல செய்தியோடு வந்திருந்தேன், அதை முதலில் சொன்னேன்.

"பொடிசு கொஞ்சம் இறங்கி வந்திருக்கா. ஒரு மாசம் போகட்டும், நீ போலாம். மிஷின் சத்தத்துல போன் கேக்கலன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டுச்சுடி."

எனக்குப் புரியவில்லை. எது என்றேன்.

"போன். முதல்ல அடிச்சதே கேட்டுச்சு. மிஷின் அப்ப ஓடல." ஹாலில் டிவி சத்தம் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் ஏதோ சொல்லிட்டிருந்தார். வேலைல இருந்தப்ப நடந்தத. சிரிச்சுச் சிரிச்சு சொல்லிட்டிருந்தார். சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன்."

"ஒன்பது தடவ அடிச்சிருக்கு அக்கா."

"ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணு சொன்னார்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "முப்பத்தொரு வருஷத்துல அந்த மனுஷன் இந்த ரூம்ல வந்து உட்கார்ந்தது அந்த மூணு வாரம்தான். நான் செஞ்சத ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தார். இதுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, இது பிரமாதம்னு சொன்னார். டிக்கெட்ட மாத்தறியான்னு அவர் கேக்கவே இல்ல. நான்தான் மாத்தினேன். அந்தக் கோழிய ஆறவிடாம கட்டினா ஒட்டாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ அன்னிக்கே சொல்லிக் குடுத்தியே."

திட்ட வாயெடுத்தேன். என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்கே பஸ்ஸில் சிரித்துக்கொண்டு போனவள் நான். அந்த வாயை வைத்துக்கொண்டு இவளை என்னவென்று திட்டுவது? பதினெட்டு மணி நேர தூரத்தில் அந்தப் பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்தேன். இருவரில் யாருக்காக அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்படி என்னதான் சொல்லிட்டிருந்தார்?" என்று கேட்டேன்.

அக்கா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள்.

"ஞாபகம் வரலடி" என்றாள்.